வீட்லயே தலைமுடிக்கு ஆவி பிடிக்கலாமுங்களா? முடி தேங்கா நாராட்டம் ஆயிருச்சு, ஐடியா சொல்லுங்க

சுருள்முடி_திருப்பூர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு இடுப்பு வரைக்கும் முடி, பிறவியில சுருட்டை. போன வருசம் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு ஸ்மூத்தனிங் பண்ணினேன், இப்ப கீழ பாதி நேரா தொங்குது, மேல புதுசா வளந்தது சுருட்டையா நிக்குது, பாக்கறதுக்கே ரெண்டுங்கெட்டானா இருக்குது. அதக்கூட பின்னல் போட்டு மறைச்சுக்கலாமுங்க, பிரச்சனை என்னன்னா கீழ் பாதி சுத்தமா காஞ்சு போயி தேங்கா நாராட்டம் சொரசொரன்னு இருக்குது. எண்ணெய் வச்சா மேலாப்புல பிசுபிசுன்னு நிக்குதே தவிர உள்ள எறங்கற மாதிரியே தெரியல.

பார்லர்ல ஹேர் ஸ்பா பண்ணா ஒரு வாரம் நல்லா இருக்குது, அப்பறம் பழையபடி ஆயிருது. ஒரு தடவைக்கு 1200 ரூவா வாங்கறாங்க, மாசாமாசம் குடுக்க கட்டுபடி ஆகலைங்க. அங்க அவங்க பண்றதுல பெருசா தெரியறது அந்த ஆவி தானே, அத வீட்ல பண்ணிக்கலாமேன்னு தோணுச்சு. கொரோனா சமயத்துல வாங்கின ஆவி பிடிக்கற மெஷின் சும்மா தான் கெடக்குது. எங்க வீட்டுக்காரரு இட்லிச் சட்டிய அடுப்புல வச்சு மூடிய தொறந்து தலைய காட்டுங்கறாரு (நக்கலா நெசமான்னு தெரியல). மாமியார் தலைக்கு ஆவி புடிச்சா வேரோட கழண்டு வந்துருமுன்னு பயமுறுத்தறாங்க.

எவ்வளவு நேரம் புடிக்கோணும், வாரத்துக்கு எத்தன தடவ, எண்ணெய் வச்சுட்டா இல்ல கண்டிஷனர் போட்டுட்டா? எங்க வீட்ல போர் தண்ணி தான், நாள் பூரா ஆபீஸ்ல ஏசி வேற. அப்பப்ப பொடுகு அரிப்பும் உண்டு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பார்லர்அக்கா_மதுரை:
தங்கச்சி, மொதல்ல இட்லிச் சட்டி பக்கம் போகாதீங்க. கொதிக்கிற ஆவி தோல்ல பட்டா கொதி தண்ணி கொட்டுறத விட மோசமா வெந்து போகும். அந்த மூக்கடைப்பு மெஷினும் வேணாம், அது முகத்துக்கு நேரா ஒரே எடத்துல அடிக்கிற மாதிரி செஞ்சது, மண்டையில ஒரு எடம் சுடும் மத்த எடம் ஒன்னும் தெரியாது, சில சமயம் வாய் வழியா சுடுதண்ணி சொட்டும். பார்லர் ஸ்டீமர்ல பெரிய கூடு மாதிரி மூடி இருக்குல்ல, அதுக்குள்ள காத்தோட கலந்து வெதுவெதுன்னு தான் வரும், அது வேற கதை.

வீட்டுக்கு டவல் தான் சரி. ஈரிழைத் துண்டு வேணாம், கட்டுறதுக்குள்ள ஆறிப்போகும். நல்லா கனமான டர்க்கி டவல் ரெண்டு எடுத்துக்கங்க. முன்னாடியே தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, துடைக்காம ஒத்தி ஒத்தி தண்ணி எடுத்துருங்க, முடி சொட்டக்கூடாது ஆனா ஈரமா இருக்கணும். முடிய நாலு பாகமா பிரிச்சு காதுக்குக் கீழ இருந்து நுனி வரைக்கும் கண்டிஷனரோ ஹேர் மாஸ்க்கோ போட்டு பெரிய பல்லு சீப்பால நுனியில இருந்து மேல மேல சிக்கெடுத்துட்டு வாங்க. கையில அள்ளி அமுக்கிப் பாத்தா சளக் சளக்குன்னு சத்தம் வரணும், வரலைன்னா தண்ணி பத்தலன்னு அர்த்தம், கொஞ்சம் தெளிச்சுக்கங்க. அப்புறம் கொண்டையா தூக்கி லூசா கிளிப் குத்திட்டு டவல வெந்நில முக்கிப் பிழிஞ்சு கட்டணும். அந்தப் பிழியுறதுல தான் சூட்சுமமே இருக்கு, ஒரு ஆள் ஒரு பக்கம் புடிச்சு முறுக்கணும் (உங்க வீட்டுக்காரருக்கு இந்த வேலைய குடுங்க), சொட்டுத் தண்ணி மிச்சம் இருந்தா கழுத்து வழியா முதுகுல ஓடும், போட்ட கண்டிஷனரும் அதோட போயிரும். மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாருங்க, சுள்ளுன்னா இன்னும் ஆறட்டும். கட்டின பிறகு மேல ஒரு ஷவர் கேப் மாட்டிட்டா சூடு கொஞ்ச நேரம் நிக்கும். அஞ்சு நிமிசத்துல ஆறிரும், அடுத்த டவல மாத்தணும். மொத்தம் பதினஞ்சுல இருந்து இருபது நிமிசம் போதும். கழட்டினதும் ஓடிப்போயி அலசாம அப்படியே ஆற விட்டு, சாதா தண்ணில அலசணும்.

ஆவியில முடி கழண்டு வராது, மாமியார்ட்ட சொல்லுங்க. ஆவி குடுத்தா முடித் துவாரம் தொறந்து கண்டிஷனர் உள்ள எறங்கும், அவ்வளவு தான்.

நெல்லைஅல்வா:
அக்கா சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மாஸ்க்னு சொன்னதும் யாராச்சும் முட்டையைப் போட்டுட்டு டவல் கட்டிராதிய. எங்க சித்தி செஞ்சா, முட்டை வெந்து முடியில அங்கங்க ஒட்டி, வீடு பூரா ஆம்லெட் வாசனை, எடுக்க அரை நாள் ஆச்சு. வெந்தயத்த ராத்திரி ஊறப்போட்டு அரைக்கிறவியளும் துணியில வடிகட்டி அந்தக் கொழகொழப்ப மட்டும் எடுங்க, திப்பி சுருட்டை முடிக்குள்ள போச்சுன்னா ஆபீஸ்ல உக்காந்து பொடுகு மாதிரி உதுத்துக்கிட்டே இருக்கணும். செம்பருத்தி இலைக்கும் அதே தான். வடிச்ச கஞ்சி வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், ஏற்கனவே வெறப்பா இருக்குற முடிய அது இன்னும் வெறப்பாக்கும்.

லேப்கோட்டு:
நான் காஸ்மெடிக் கம்பெனில ஃபார்முலேஷன் பாக்குறவன், தலைமுடி தான் என் சோறு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

பார்லர் அக்கா சொன்ன முறை அருமை, ஆனா அந்த "துவாரம் தொறக்கும்" மட்டும் சரியில்லக்கா. முடில துவாரம்னு எதுவும் இல்ல, மேல மீன் செதில் போல அடுக்கடுக்கா ஒரு படலம் இருக்கு, அது கதவு மாதிரி தொறந்து மூடுறதும் இல்ல. தண்ணியும் சூடும் சேர்ந்தா முடி உப்பும். நல்லா நனைஞ்ச முடி தன் எடைல கிட்டத்தட்ட 30 சதவீதம் வரைக்கும் தண்ணிய வாங்கிக்கும், குறுக்களவு 15 சதவீதம் போல கூடும். ஆனா அந்தத் தண்ணி தங்காது, காஞ்சதும் சுத்தி இருக்குற காத்துல எவ்வளவு ஈரமோ அவ்வளவு தான் முடிலயும் நிக்கும். ஏசி ரூம்ல உக்காந்தா ஏசி ரூம் ஈரம் தான். அதனால வெறும் ஆவிய மட்டும் பிடிச்சுட்டு முடிக்கு ஈரப்பதம் ஏத்திட்டோம்னு நினைக்கறது வீண். பார்லர்ல அந்த ஒரு வாரம் நல்லா இருந்ததுக்குக் காரணம் ஆவி இல்ல, அதுக்கு முன்னாடி அவங்க தேய்ச்ச கிரீம்.

கண்டிஷனர்ல பிஹென்ட்ரைமோனியம், செட்ரைமோனியம்னு லேபிள்ல போட்டிருக்கும், அதெல்லாம் பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது. அடிபட்ட முடில நெகட்டிவ் சார்ஜ் அதிகம், அதனால எங்க சேதமோ அங்க போயி ஒட்டிக்கும், அலசினாலும் முழுசா போகாது. இளஞ்சூடு இருந்தா இது இன்னும் நல்லா பரவி ஒட்டும். ஆவியோட வேலை அவ்வளவு தான், துணை வேலை.

இப்ப விஷயத்துக்கு வரேன். சுருள்முடி சிஸ்டர், உங்க ஒரே தலைல ரெண்டு விதமான முடி இருக்கு. இயற்கையா முடியோட மேற்பரப்புல ரொம்ப மெல்லிசா ஒரு கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கும், அதனால தான் நல்ல முடில தண்ணி உருண்டு ஓடுது. ஸ்மூத்தனிங், கலர், ப்ளீச் மாதிரி கெமிக்கல் பட்ட முடில அந்தப் படலம் போயிரும், எண்ணெய் தேய்ச்சு அத திரும்ப கொண்டு வர முடியாது. உங்க மேல் பாதி தண்ணிய சீக்கிரம் உள்ள விடாது, விட்டா சீக்கிரம் காயாது. கீழ் பாதி பட்டுன்னு குடிச்சுட்டு பட்டுன்னு காஞ்சிரும். அப்ப ஆவி யாருக்கு உபயோகம்னா மேல் பாதிக்குத் தான், கீழ் பாதி ஏற்கனவே தண்ணிய தாராளமா வாங்குது, அதுக்குத் தேவை கண்டிஷனரும் மேல ஒரு பூச்சும். கீழ் பாதிய திரும்பத் திரும்ப உப்ப வச்சு காய வச்சா அது இன்னும் பலவீனமாகும். ஈரத்துல ஒரு முடிய இழுத்துப் பாருங்க, ரப்பரா நீண்டு திரும்பி வராம கொழகொழன்னு இருந்தா ஆவிய கொஞ்ச நாள் நிறுத்திருங்க.

தேங்காய் எண்ணெய குறை சொல்லாதீங்க, வைக்கற நேரம் தான் மாறணும். குளிச்சப்புறம் இல்ல, குளிக்கறதுக்கு முன்னாடி. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டு 2003ல வந்த ஆராய்ச்சில தேங்காய் எண்ணெய் மட்டும் தான் முடிலேருந்து புரோட்டீன் போறத நல்லாவே குறைச்சது. அதுல லாரிக் அமிலம் அதிகம், மூலக்கூறு சின்னது, நேரா இருக்கும், அதனால உள்ள போகுது. உள்ள போயிட்டா குளிக்கும்போது முடி ரொம்ப உப்பாது. தலைக்குக் குளிக்கற அன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கீழ் பாதிக்கு மட்டும் தடவுங்க.

பார்லர்அக்கா_மதுரை:
தம்பி நீங்க படிச்சவரு, துவாரம் இருக்கோ செதில் இருக்கோ, வர்றவங்களுக்கு எப்படி சொன்னா புரியுதோ அப்படி சொல்றோம். ஆனா ஆவி துணை வேலை தான்னு சொல்றத நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். இத்தனை வருசமா கை வச்சுப் பாக்குறேன், அதே கிரீம் அதே ஆளு, ஆவி குடுத்தா சீப்பு ஓடுற ஓட்டமே வேற. குறிப்பா இந்த சுருட்டை முடியில, கெமிக்கலே படாத கெட்டி முடியில, ஆவி இல்லாம கிரீம் போட்டா மேலயே வெள்ளையா திட்டு திட்டா உக்காந்திருக்கும்.

லேப்கோட்டு:
அத தான்கா நானும் சொல்றேன், கெமிக்கல் படாத முடிக்கு பலன் உண்டுன்னு. அவங்க மேல் பாதி அந்த ரகம். கீழ் பாதிக்குத் தான் நான் பிரேக் போடறேன்.

வடலி:
நான் இருக்கிறது கனடாவில, ஸ்கார்பரோவில. இஞ்ச விண்டருக்கு வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், காத்தில ஈரமே இல்லை, தலைமயிர் மட்டுமில்ல கை காலும் வெடிக்கும். கிழமைக்கு ஒருக்கா சனிக்கிழமையில ஆவி பிடிக்கிறனான். துவாயை நனைச்சு முறுக்கி மைக்ரோவேவில ஒரு நிமிசம் வச்சால் போதும், வெந்நீர் எடுத்து மினக்கெடத் தேவையில்லை. ஆனா எடுத்த உடன தலையில சுத்தாதேங்கோ, மடிப்புக்குள்ள சில இடம் கொதிச்சுக் கொண்டிருக்கும், விரிச்சு உதறிப் போட்டுத்தான் சுத்தவேணும். ஜரிகை, மினுக்கு நூல் இருக்கிற துவாய் எண்டால் மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்டு, கிளிசரின் போட்ட லீவ்-இன் கிரீம் (பூசிப்போட்டு கழுவாமல் அப்பிடியே விடுறது) எல்லா இடத்துக்கும் சரிவராது. அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கிற சாமான். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு மயிர் ஊதிப் போய் நிக்கும், என்னை மாதிரி வரண்ட காத்துக்குள்ள இருக்கிறவைக்கு இழுக்க ஈரம் இருக்காது, மயிருக்குள்ள இருக்கிறதும் போயிடும். உங்கட ஏசி ஆபீசும் இஞ்சத்த மாதிரித்தான். கிளிசரின் லேபிளில முதல் மூண்டு நாலுக்குள்ள வந்தா நான் வாங்கிறேல்லை.

சுருள்முடி_திருப்பூர்:
ஐயோ இவ்வளவு சொல்லுவீங்கன்னு நெனைக்கவே இல்லைங்க, ரொம்ப நன்றி. ஒரு முடிய டம்ளர் தண்ணில போட்டு மிதக்குதா முழுகுதான்னு பாக்கச் சொல்லி ஒரு வீடியோல பாத்தனுங்க, அது மாதிரி பாத்தா ரெண்டும் மிதக்குது, அப்ப கீழ் பாதியும் நல்ல முடி தானுங்களா? அப்பறம் அந்த பொடுகு பத்தி யாருமே சொல்லலையே. எண்ணெய் கொஞ்சமா சூடு பண்ணி வேர்ல தேச்சு ஆவி புடிச்சா பொடுகு போயிருமுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க.

லேப்கோட்டு:
டம்ளர் டெஸ்ட்ட நம்பாதீங்க. ஒரு முடி அவ்வளவு லேசு, தண்ணியோட மேற்பரப்பு இழுவிசையே அத தாங்கிரும், கொஞ்சம் எண்ணெயோ பழைய கண்டிஷனரோ ஒட்டியிருந்தா எப்படிப்பட்ட முடியும் மிதக்கும். அதுக்குப் பதிலா குளிச்சுட்டு வந்து எந்தப் பகுதி எவ்வளவு நேரத்துல காயுதுன்னு கவனிங்க, அது சொல்லும்.

பொடுகுக்கு ஆவி வேணவே வேணாம். பொடுகுல மலசீசியான்னு ஒரு ஈஸ்ட் சம்பந்தப்பட்டிருக்கு, அது எல்லார் தலைலயும் இருக்கறது தான், தலைல ஊறுற எண்ணெய்ப் பசைய தின்னு வளருது. வேர்ல எண்ணெய் ஊத்தி சூடும் ஈரமும் குடுத்தா அதுக்கு விருந்து வச்ச மாதிரி. கீட்டோகோனசோல் 2 சதவீதம் ஷாம்பு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும், வாரத்துக்கு ரெண்டு தடவ, நுரைய மூணுல இருந்து அஞ்சு நிமிஷம் விட்டு அலசணும், ரெண்டுல இருந்து நாலு வாரம். அதுலயும் அடங்காம சிவந்து திட்டுத் திட்டா செதில் உதிர்ந்தா சோரியாசிஸா கூட இருக்கலாம், தோல் டாக்டர்ட்ட காட்டிருங்க.

நொய்யல்கரை:
எல்லாரும் ஆவிய பத்தியே பேசறீங்க, தண்ணிய விட்டுட்டீங்களே. எங்களுக்கும் போர் தண்ணி தானுங்க, நான் தண்ணி சுத்திகரிப்பு வேல பாக்கறவன், வீட்ல சம்சாரமும் ரெண்டு பொண்ணுகளும் முடி முடின்னு பொலம்பறத கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு.

பாத்ரூம் பக்கெட் விளிம்புல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கா, வாட்டர் ஹீட்டர் ராடு மேல சுண்ணாம்பு கட்டியா ஏறியிருக்கா பாருங்க. அதே கால்சியமும் மெக்னீசியமும் தான் முடி மேலயும் ஏறுது, ஸ்மூத்தனிங் பண்ணின முடி நெகட்டிவ் சார்ஜுன்னு லேப்கோட்டு சொன்னாருல்ல, அதுல இன்னும் நல்லா ஒட்டும். அதுக்கு மேல எண்ணெய் தடவினா எங்கிருந்து உள்ள போகும். இந்த ரெண்டு உப்பும் எவ்வளவு இருக்குதுங்கறது தான் கடினத்தன்மை, குடிதண்ணிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சொல்றது லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 600 வரைக்கும். நம்ம பக்கம் பல போர்ல அதையும் தாண்டிப் போகுது. நெறைய பேர் டிடிஎஸ் மீட்டர் வச்சு பாக்கறாங்க, அது எல்லா உப்பையும் சேர்த்து காட்டும், கடினத்தன்மைக்குத் தனி டெஸ்ட் கிட் இருக்குது, அது தான் சரி. கொதிக்க வச்சா சரியாயிருமான்னு கேப்பாங்க, பைகார்பனேட் உப்பு மட்டும் அடியில படியும், சல்பேட்டும் குளோரைடும் அப்படியே தான் நிக்கும்.

பெருசா செலவு வேண்டாமுங்க. மாசத்துக்கு ஒருக்கா இடிடிஏ (கால்சியத்த புடிச்சு இழுக்கற பொருளுங்க) இருக்குற கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டு படிஞ்சத எடுத்துருங்க, அதுக்கப்பறம் தான் ஆவியும் மாஸ்க்கும். மத்த நாள் எப்பவும் போல குளிச்சுட்டு கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணி, அதாவது ஆத்துத் தண்ணி பைப்புல வர்ற அன்னிக்கு புடிச்சு வச்சதோ மழைத் தண்ணியோ. தலைக்கு சோப்புக்கட்டி மட்டும் தேய்க்காதீங்க, உப்புத் தண்ணியும் சோப்பும் சேர்ந்தா பிசுக்கு மாதிரி ஒன்னு முடியோட ஒட்டிக்கும். அரப்பு, சீயக்காயில அந்தத் தொல்லை இல்ல, ஆனா காஞ்ச முடிய அது இன்னும் காய வைக்கும், எண்ணெய் வச்ச அன்னிக்கு மட்டும் வச்சுக்கங்க.

நெல்லைஅல்வா:
அண்ணாச்சி ஆத்துத் தண்ணிய தலையில ஊத்தச் சொல்லுதியளே, அங்க குடிக்கவே வரிசையில நிக்காவ 😄

நொய்யல்கரை:
ரெண்டு சொம்பு தானுங்க. அதுவும் இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணில ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து கடைசியா ஊத்திட்டு லேசா அலசிக்கலாம். எலுமிச்சம்பழமும் ஆகும், கொட்டையும் சக்கையும் மாட்டிக்கும், வடிகட்டிருங்க.

சுருள்முடி_திருப்பூர்:
எங்க ராடு மேல ஒரு விரல் கனத்துக்கு சுண்ணாம்பு இருக்குதுங்க, இப்பத்தான் போய் பாத்துட்டு வந்தேன். அப்ப மொதல்ல தண்ணி தான். கடைசியா ஒரே ஒரு சந்தேகம், இதெல்லாம் எந்த வரிசையில பண்றது? பொடுகு ஷாம்பு ஒரு பக்கம், கிளாரிஃபையிங் ஒரு பக்கம், எண்ணெய், மாஸ்க், ஆவின்னு தல சுத்துது. அப்பறம் ஆவி புடிச்ச அன்னிக்கு மேல் பாதிய மட்டும் ஸ்ட்ரெய்ட்னர் வச்சு நேராக்கி கீழ் பாதியோட ஒத்துப்போற மாதிரி பண்ணிக்கலாமுங்களா?

பார்லர்அக்கா_மதுரை:
ஸ்ட்ரெய்ட்னர் ஈரத்துல வைக்கவே கூடாது தங்கச்சி. உள்ள இருக்குற தண்ணி கொதிச்சு முடிக்குள்ளயே கொப்புளம் கொப்புளமா வெடிக்கும், அந்த எடத்துல முடி படக்குன்னு ஒடிஞ்சு வரும். ஆவி புடிச்ச முடி தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும், அன்னிக்கு விட்டுருங்க.

வரிசை இப்படி வச்சுக்கங்க. பொடுகு அடங்குற வரைக்கும் ஆவி கெடையாது, அந்த ஷாம்புவ மண்டையில மட்டும் தேய்ச்சுட்டு நுனிக்கு கண்டிஷனர், அது போதும். அடங்கின பிறகு ஒரு ஞாயித்துக்கிழம கீழ் பாதிக்குத் தேங்கா எண்ணெய், ஒரு மணி நேரம் கழிச்சு கிளாரிஃபையிங் ஷாம்பு, மாஸ்க், டவல் ஆவி. டவல் கட்டும்போது கீழ் பாதிய ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி கிளிப் போட்டுட்டு மேல் பாதி மேல மட்டும் டவல் நேரா படுற மாதிரி கட்டுங்க, தம்பி சொன்னதுக்கு அது தான் வழி. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போதும், சாதா ஷாம்புவே போட்டுக்கலாம். கலர் எதுவும் அடிச்சீங்கன்னா ஒரு ரெண்டு மூணு வாரம் ஆவி பக்கம் போகாதீங்க, சாயம் வெளுத்துரும். கடைசியா அலசி முடிச்சு சொட்ட சொட்ட இருக்கும்போதே ரெண்டு சொட்டு எண்ணெய உள்ளங்கையில தேய்ச்சு நுனியில மட்டும் தடவுங்க, காஞ்ச பிறகு தடவுனா நீங்க சொன்ன அந்த பிசுபிசுப்பு தான்.

கீழ் பாதிய மாசம் ஒரு இஞ்ச் வெட்டிக்கிட்டே வாங்க, ஸ்மூத்தனிங் பண்ண முடி திரும்ப சுருளாது, எந்த ஆவியும் சுருள வைக்காது.

சுருள்முடி_திருப்பூர்:
வெட்டறது தான் மனசு வர மாட்டேங்குது. சரிங்கக்கா, ஒரு இஞ்ச் தானே, பாக்கலாம். டர்க்கி டவல் எங்க ஊர்ல கிலோ கணக்குல கெடைக்கும், அதுக்கு மட்டும் பஞ்சமில்லீங்க.